கையெழுத்து வைக்கும் முன்னே
பயங்கரவாதத் தடைச் சட்டம் பற்றித் தோட்டக் குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டியவை



லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் நாம் நடத்திய தாய்மார் கூட்டம் முடிந்து, தேத்தண்ணி குடித்துக் கொண்டிருந்த நேரம், ஒரு வயதான அம்மா எம்மைத் தனியாகக் கூப்பிட்டார். "பேரன் சம்பளப் போராட்டத்துக்குப் போறேன்னு நிக்கிறான். வேணாண்டா, பேர எழுதிக்கிட்டுப் போயிருவாங்கன்னு சொல்றேன், கேக்க மாட்டேங்கிறான். நீங்க கொஞ்சம் சொல்லுங்க" என்றார்.

ஏன் இந்தப் பயம் என்று கேட்டோம். தொண்ணூறுகளில் அவருடைய தம்பியைப் பிடித்துக் கொண்டு போயிருக்கிறார்கள். கொழும்பில் கடையில் வேலை செய்த பொடியன், தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவன். எட்டு மாதம் கழித்து, எந்த வழக்கும் போடாமல் விட்டார்கள். "என்னமோ சிங்களத்துல எழுதிக் கையெழுத்து வாங்கினாங்களாம். என்ன எழுதினாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் அவனுக்குத் தெரியாது" என்றார் அந்த அம்மா.

அவருக்கு அந்த இடத்தில் இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல எம்மால் முடியவில்லை. அவருடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. பேரனின் ஆசையிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே அந்த அம்மாவுக்கும் பேரனுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

சாதாரணச் சட்டம் என்ன சொல்கிறது?

முதலில், நாட்டின் சாதாரணச் சட்டத்தைத் தெரிந்து கொள்வோம். ஒருவரைப் பொலிஸார் கைது செய்தால், ஏன் கைது செய்கிறோம் என்று அவருக்குச் சொல்ல வேண்டும். 1978 அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை இதைச் சொல்கிறது. சாதாரண வழக்கில் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன்னால் கொண்டு போய் நிறுத்த வேண்டும். குற்றம் நிரூபிக்கப்படும் வரை அவர் குற்றவாளி இல்லை. யாரையும் சித்திரவதை செய்யக் கூடாது என்று 11ஆம் உறுப்புரை சொல்கிறது. இதற்கு எந்த விதிவிலக்கும் கிடையாது. யுத்த காலமானாலும் சரி, அவசரகாலமானாலும் சரி.

இன்னொரு முக்கியமான விடயம் இருக்கிறது. "நான்தான் செய்தேன்" என்று ஒருவர் பொலிஸாரிடம் சொன்னால், அந்தச் சொல்லை அவருக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சியாக வைக்க முடியாது. வெள்ளைக்காரர் காலத்தில், 1895இல் வந்த சாட்சியக் கட்டளைச் சட்டமே இப்படிச் சொல்கிறது.

ஏன் அப்படி வைத்தார்கள்? நம்ம தோட்டத்து வேலையை வைத்தே பார்ப்போம். ஒரு தொழிலாளிக்கு எதிராக முறைப்பாடு செய்த உத்தியோகத்தரே விசாரணையும் நடத்தி, அவரே தீர்ப்பும் சொன்னால் நாம் ஒத்துக் கொள்வோமா? தலைவரைக் கூப்பிட்டு, "இது என்ன நியாயம்?" என்று கேட்போம். பொலிஸார் குற்றம் சாட்டுகிற பக்கம். அடைத்து வைத்திருப்பவர்களும் அவர்களே. நாலு சுவருக்குள் அவர்கள் வாங்குகிற வாக்குமூலத்தை அப்படியே நம்பினால் அடிதடிக்கு வழி திறந்து விடும். அதனால்தான் குற்றத்தை ஒத்துக் கொள்பவர் நீதவானிடம் சொல்ல வேண்டும் என்று வைத்தார்கள்.

1979இல் என்ன மாறியது?

1979 ஜூலையில், ஜே.ஆர். ஜயவர்தன ஜனாதிபதியாக இருந்தபோது, பயங்கரவாதத் தடைச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அதன் பெயரிலேயே 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற சொல் இருக்கிறது. ஆனால் 1982இல் அதை நிரந்தரமாக்கினார்கள். தற்காலிகம் என்று வந்த விருந்தாளி நாற்பது வருடத்துக்கு மேல் வீட்டிலேயே தங்கி விட்ட கதைதான்.

இந்தச் சட்டம் மேலே சொன்ன பாதுகாப்புகளில் பலவற்றை எடுத்து விட்டது.

பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம், வீட்டைச் சோதனை போடலாம். 24 மணித்தியாலம் என்பது 72 மணித்தியாலமாகியது. அமைச்சர் ஒரு தடுப்புக் காவல் உத்தரவில் கையெழுத்து வைத்தால், மூன்று மூன்று மாதமாக நீட்டி 18 மாதம் வரை, வழக்கே இல்லாமல் அடைத்து வைக்கலாம் என்று வந்தது. குற்றம் செய்த ஒருவரைப் பற்றித் தெரிந்திருந்தும் பொலிஸுக்குச் சொல்லாமல் இருந்தால் அதுவும் குற்றம், ஏழு வருடம் வரை சிறை.

எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம் வாக்குமூலத்தில் வந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்தில் அல்லது அதற்கு மேல் உள்ள ஒரு அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியாகச் செல்லும் என்றார்கள். "அடித்து வாங்கினார்கள்" என்று சொன்னால், அதை நிரூபிக்க வேண்டிய சுமை அடிபட்டவர் தலையில். நாலு சுவருக்குள் நடந்ததற்கு அவர் சாட்சிக்கு யாரைக் கூட்டி வருவார்?

நாம் இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். குண்டு வைப்பவனைப் பிடிக்கத்தான் வேண்டும். 1996இல் மத்திய வங்கியிலும், 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று தேவாலயங்களிலும் செத்துப் போனவர்கள் ஒரு பாவமும் அறியாத சனங்கள். அவர்களுக்கும் நீதி வேண்டும். ஆனால் அடித்து வாங்கிய வாக்குமூலம் அந்த நீதியைத் தராது. தப்பான ஆளை உள்ளே வைத்தால், சரியான ஆள் வெளியே இருக்கிறான் என்றுதான் அர்த்தம்.

ஒரு கைநாட்டின் விலை

சிங்கராசா வழக்கைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் நம்மிடையே குறைவு. நல்லரத்தினம் சிங்கராசா என்ற தமிழ் இளைஞரை 1993இல் கைது செய்தார்கள். சிங்களத்தில் எழுதப்பட்ட ஒரு வாக்குமூலத்தில் அவருடைய கைநாட்டு வாங்கப்பட்டது. அவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. மொழிபெயர்த்தவரும் வெளியாள் அல்ல, ஒரு பொலிஸ்காரர்தான். அந்த வாக்குமூலத்தை வைத்தே 1995இல் மேல் நீதிமன்றம் அவருக்கு 50 வருடச் சிறை விதித்தது. மேன்முறையீட்டில் அது 35 வருடமாகக் குறைந்தது.

வழக்கு ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு வரை போனது. வாக்குமூலம் கட்டாயத்தில் வாங்கப்பட்டது என்று நிரூபிக்கும் சுமையை அவர் மேலேயே போட்டது நியாயமான விசாரணை ஆகாது என்று 2004இல் அந்தக் குழு சொன்னது. ஆனால் 2006இல் எமது உயர் நீதிமன்றம் அந்த முடிவை இங்கே நடைமுறைப்படுத்த முடியாது என்று தள்ளிவிட்டது.

வாசிக்கத் தெரியாத கடதாசியில் வைத்த ஒரு பெருவிரல் அடையாளத்தின் விலை இது. சம்பளச் சீட்டில், கடன் பத்திரத்தில், எதில் என்றாலும் "இங்க வைங்க" என்ற உடனே வைத்துப் பழகிய கைகள் நம்முடையவை. அதனால்தான் இந்த வழக்கை ஒவ்வொரு லயத்திலும் பேச வேண்டும் என்று நினைக்கிறோம்.

பேசியதற்கும் எழுதியதற்கும்

இந்தச் சட்டம் துப்பாக்கி எடுத்தவர்களை மட்டும் தொடவில்லை. பேச்சாலோ எழுத்தாலோ இனங்களுக்கிடையே பகை உண்டாக்குவதும் அதன்படி குற்றம். யார் எதைப் பகை என்று சொல்வார்கள் என்பதில்தான் சிக்கல்.

ஜே.எஸ். திசைநாயகம் ஒரு பத்திரிகையாளர். யுத்தத்தில் சாதாரண சனங்கள் படும் பாட்டை 2006இல் ஒரு சஞ்சிகையில் எழுதினார். 2008இல் கைதானார். 2009 ஓகஸ்டில் 20 வருடக் கடூழியச் சிறை விதித்தார்கள். உலகமெங்கும் கண்டனம் எழுந்த பிறகு, 2010இல் ஜனாதிபதி மன்னிப்புக் கிடைத்தது.

அஹ்னாப் ஜஸீம் ஓர் இளம் ஆசிரியர், கவிஞர். 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதை நூலை எழுதியவர். அந்த நூல் தீவிரவாதத்தைத் தூண்டுகிறது என்று சொல்லி 2020 மே மாதத்தில் பிடித்தார்கள். வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளும் அதே புத்தகத்தில் இருந்தன. 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. மூன்றரை வருடம் போய் விட்டது.

இது தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் மட்டுமான சட்டம் என்றும் நினைக்க வேண்டாம். 1980களின் கடைசியில் தெற்கிலே சிங்கள இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் பிடிபட்டு, காணாமல் போனார்கள். 2022இல் எரிபொருளும் மாவும் இல்லாமல் நாடே வீதிக்கு இறங்கியது நமக்கு நினைவிருக்கும். அந்தப் போராட்டத்தில் முன்னின்ற மாணவர் தலைவர் வசந்த முதலிகேயை அந்த ஓகஸ்டில் கைது செய்து, இதே சட்டத்தில் தடுத்து வைத்தார்கள். ஐந்து மாதத்துக்குப் பிறகு, 2023 ஜனவரி 31ஆம் திகதி, கொழும்பு நீதவான் அவரைப் பயங்கரவாதக் குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்தார். இந்தச் சட்டம் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்றும் சொன்னார்.

ஒருவருக்கென்று வெட்டிய குழி மூடப்படாமல் இருந்தால், அடுத்த ஆளும் அதில் விழுவார்.

நம்ம மலையிலே

எதிர்த்துப் பேசியவர்களை அடக்குவது நமது மலைநாட்டுக்குப் புதிதல்ல. 1936இல் மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்தில் வேலை பழக வந்தவர் பிரேஸ்கேர்டில் என்ற இளம் வெள்ளைக்காரர். தொழிலாளர் படும் கஷ்டத்தைப் பார்த்து, அவர்கள் பக்கம் நின்று நாவலப்பிட்டிக் கூட்டத்தில் பேசினார். துரைமாருக்குப் பொறுக்கவில்லை. ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்த உத்தரவு போட்டார். ஆட்கொணர்வு மனு மூலம் விடயம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பேச்சுரிமையைப் பயன்படுத்தினார் என்பதற்காக ஒருவரைப் பிடித்து நாடு கடத்த ஆளுநருக்கு அதிகாரம் இல்லை என்று 1937 மே மாதத்தில் தீர்ப்பு வந்தது. ஆளுநரின் கையெழுத்தை விடச் சட்டம் பெரிது என்று தோட்டத்து விடயத்திலிருந்து பிறந்த தீர்ப்பு அது.

1977 மே 11ஆம் திகதி, தலவாக்கலைக்குப் பக்கத்து டெவன் தோட்டத்தில், காணி பறிபோவதை எதிர்த்து நின்றவர்கள் மீது பொலிஸார் சுட்டதில் சிவனு லெட்சுமணன் உயிர் விட்டார். அவர் பெயர் தெரியாத பெரியவர்கள் இந்தப் பக்கம் இருக்க மாட்டார்கள்.

தலவாக்கலையைச் சேர்ந்த பெ. சந்திரசேகரன் 1990களின் தொடக்கத்தில் கைதாகி, வருடக்கணக்கில் காவலில் இருந்தார். அவரே 1994 பொதுத் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தில் சுயேச்சைக் குழுவில் நின்று வென்றார். சந்திரிகா அம்மையார் அரசாங்கம் அமைப்பதற்கு அந்த ஒரு ஆசனம் தேவைப்பட்டது.

2000 ஒக்டோபர் 25 இன்னும் வலிக்கிறது. பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் ஒரு கும்பல் புகுந்தது. அங்கே இருந்த இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது. காவலுக்குப் பொலிஸார் இருந்தும் காப்பாற்றவில்லை. அதைக் கண்டித்து தலவாக்கலையிலும் மற்றப் பட்டணங்களிலும் சனம் கொதித்து எழுந்தது. ஐவருக்கு 2003இல் மரண தண்டனை விதிக்கப்பட்டாலும், மேன்முறையீடுகளில் 2005 ஆகும்போது எல்லோரும் விடுதலையானார்கள். அரசாங்கத்தின் பொறுப்பில் இருந்த பிள்ளைகள் செத்ததற்கு இன்று தண்டனை அனுபவிப்பவர் ஒருவரும் இல்லை.

இத்தனையும் பார்த்த சனம் "பேர எழுதிக்கிட்டுப் போயிருவாங்க" என்று பயப்படாமல் என்ன செய்யும்?

2022இல் வந்த திருத்தம்

உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பலர் கேட்டுக் கேட்டு, 2022 மார்ச்சில் சட்டத்தைத் திருத்தினார்கள். தடுப்புக் காவலின் எல்லை 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைந்தது. தடுத்து வைத்த இடத்துக்கு நீதவான் போய்ப் பார்க்க வேண்டும். சித்திரவதை நடந்ததாகத் தெரிந்தால் சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்ப வேண்டும். சட்டத்தரணியும் வீட்டாரும் தொடர்பு கொள்ள உரிமை உண்டு. கைதாகி 12 மாதம் கழிந்தும் விசாரணை தொடங்காவிட்டால் பிணை கேட்கலாம்.

இது ஒரு முன்னேற்றம்தான். ஆனால் பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லும் என்ற பகுதியை அந்தத் திருத்தம் தொடவில்லை. இந்தச் சட்டத்தை எடுத்து விட்டுப் புதியது கொண்டு வருவதாக 2018இலும் 2023இலும் சட்டமூலங்கள் வந்தன. இரண்டும் நிறைவேறவில்லை. இனி எந்தப் பெயரில் எந்தச் சட்டம் வந்தாலும் நாம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். பிடித்த ஆளை எத்தனை நாளில் நீதவானிடம் காட்டுவார்கள்? பொலிஸாரிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லுமா? வேலை நிறுத்தமும் ஊர்வலமும் பயங்கரவாதம் என்று அதில் எழுதியிருக்கிறதா?

வீட்டில் ஒருவரைப் பிடித்தால்

இதை வெட்டி எடுத்து, அடையாள அட்டை வைக்கும் இடத்தில் வையுங்கள்.

1. அழுது கொண்டு நிற்காமல் முதலில் கேளுங்கள்: எந்தப் பொலிஸ் நிலையம், அதிகாரியின் பெயர் என்ன, ஏன் பிடிக்கிறீர்கள், எங்கே கொண்டு போகிறீர்கள்? வாகன இலக்கம், நேரம், திகதி எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளை எந்த வீட்டிலும் இருக்கும்.

2. கைது செய்ததற்கு எழுத்தில் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். தடுப்புக் காவல் உத்தரவு இருந்தால் அதன் பிரதியைக் கேளுங்கள்.

3. உடனே மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவியுங்கள். அவசரத் தொலைபேசி இலக்கம் 1996. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் யாரைப் பிடித்தாலும் 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் பிடித்தவர்களுக்கே கட்டளை போட்டிருக்கிறது. அவர்கள் அறிவிப்பார்கள் என்று நாம் காத்திருக்கத் தேவையில்லை.

4. சட்டத்தரணியைத் தேடுங்கள். பொலிஸ் நிலையத்துக்குச் சட்டத்தரணி போக உரிமை உண்டு என்று 2012இல் விதிகள் வந்துள்ளன. காசு இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். நீதிமன்றத்துக்குப் போய் விசாரித்தால் அதன் காரியாலயத்தைக் காட்டுவார்கள்.

5. தெரியாத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்க வேண்டாம். பொலிஸ் விசாரணையில் கொடுத்த வாக்குமூலத்தை, கொடுத்தவருக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். திருத்தவும் கூட்டிச் சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. 1979 குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவு இப்படிச் சொல்கிறது. தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. "தமிழில எழுதுங்க சேர், வாசிச்சுப் பார்த்துட்டு வைக்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்வதில் பிழை ஒன்றுமில்லை.

6. அடித்திருந்தால், நீதவான் முன் நிறுத்தும் முதல் நாளே வாய் திறந்து சொல்லச் சொல்லுங்கள். சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டும்படி கேளுங்கள். காயம் ஆறிய பிறகு சாட்சி இல்லை. சித்திரவதை செய்த அதிகாரிக்கு ஏழு முதல் பத்து வருடச் சிறை என்று 1994ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

7. அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். கொழும்புக்குப் போக வழியில்லை என்று நாளைக் கடத்த வேண்டாம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டின் பிரதியைப் பத்திரமாக வையுங்கள்.

8. "காசு குடுத்தா விட்டுருவாங்க" என்று வரும் தரகர்களை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு சட்டத்தரணியைப் பிடிக்கலாம்.

அந்தப் பேரனுக்கு

கூட்டம் கூடுவதும், சங்கம் அமைப்பதும், பேசுவதும் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தந்த உரிமை. 2018 ஒக்டோபரில் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டு, மலையகப் பிள்ளைகள் கறுப்பு உடையில் கொழும்பு காலிமுகத்திடலில் திரண்டார்கள். அது பயங்கரவாதம் அல்ல. வேலை செய்தவர் கூலி கேட்டது.

ஆகவே தம்பி, போவதென்றால் போங்கள். தனியாகப் போகாமல் சங்கத்தோடு போங்கள். அடையாள அட்டையைக் கையில் வைத்துக் கொள்ளுங்கள். எங்கே போகிறோம் என்று அம்மாயியிடம் சொல்லி விட்டுப் போங்கள். கல்லெடுக்க வேண்டாம். கல்லெடுப்பவன் பக்கத்தில் நிற்கவும் வேண்டாம். ஒரு சட்டத்தரணியின் தொலைபேசி இலக்கத்தை மனப்பாடம் செய்து கொள்ளுங்கள், போனைப் பறித்துக் கொண்டால் உதவும்.

அம்மா, உங்கள் பயத்தை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். உங்கள் தம்பி கையெழுத்து வைத்த நாளில் அவருக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. கேட்க வேண்டியதைச் சொல்லிக் கொடுக்கவும் ஆள் இருக்கவில்லை. உங்கள் பேரனுக்கு அந்த நிலைமை வராமல் பார்ப்பது எல்லோருடைய பொறுப்பு.

வாசகர்களே, இந்த இதழை வாசித்து முடித்ததும் மூலையில் போட்டு விடாதீர்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு ஒரு பொழுது சாயந்தரம் வாசித்துக் காட்டுங்கள். எட்டுக் குறிப்பையும் பிள்ளைகளைக் கொண்டு ஒரு கடதாசியில் எழுதி, கொழுந்து மடுவத்திலும் பிள்ளை மடுவத்திலும் ஒட்டி வையுங்கள்.